இரண்டு பெருக்கிகளும் நான்கு முனைகளும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, இராமாநுஜர் பிறந்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் சாலையில் திரும்பி ஒரகடம் வரை செல்பவர், 1998-இல் ஹூண்டாய் இங்கே செய்த தன் முதல் காரை வெளியிட்டது தொடங்கி, 2006-இல் நோக்கியா வந்து 2014-இல் கதவடைத்துப் போக, 2007-இல் சாம்சங்கும் 2010-இல் ரெனோ-நிஸானும் 2013-இல் ராயல் என்ஃபீல்டும் வந்து நிலைக்க, ஏரிப் பாசன வயல்களாயிருந்த ஒரு வட்டாரம் யந்திர சாலைகளின் வரிசையாக மாறிய சரித்திரத்தைச் சாலையின் இரு மருங்கிலும் காணலாம். இவ்வாலைகளில் வேலை பார்த்து, சுங்குவார்சத்திரத்திலோ படப்பையிலோ வாடகை வீட்டில் குடியிருந்து, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நல்லதொரு ஸ்டீரியோ வாங்கி வைத்துப் பாட்டுக் கேட்கும் சங்கீதப் பித்தர்களும் உண்டு. ஆலையில் ஓடும் மின்சாரத்துக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஓடும் மின்சாரத்துக்கும் விதி ஒன்றே. ஆயினும், ஆலையில் ஒரு வயர் தவறான இடத்தில் போய்ச் சேர முடியாதபடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு வீட்டு ஸ்பீக்கரின் பின்புறத்தில் இல்லை. ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு இரண்டு பெருக்கிகளைப் பூட்டும் 'பை-ஆம்ப்பிங்' என்னும் பிரயோகத்தைப் பற்றி இன்று நடக்கும் வாதங்களில், அதனால் விளையும் லாபத்தைப் பற்றியே பேச்செல்லாம் நடக்கிறது. வயர் மாறினால் விளையும் நஷ்டத்தைப் பற்றி அதில் பாதியும் நடப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

வீட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குள் சாதாரணமாக இரண்டு உறுப்புகள் இருக்கும். தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் அகன்ற கூம்புடைய வூஃபர் ஒன்று. உயர்ந்த ஒலிகளை எழுப்பும், ஓர் அங்குல அகலமே உள்ள ட்வீட்டர் மற்றொன்று. வூஃபருக்கு முன்னே ஒரு கம்பிச் சுருளும் ட்வீட்டருக்கு முன்னே ஒரு கெபாசிட்டரும் முக்கிய அங்கங்களாக நின்று, 2,000 அல்லது 3,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைப் பிரித்து, அவரவர்க்கு உரிய பங்கை அவரவர்க்குக் கொடுப்பது கிராஸ்ஓவர் என்னும் சர்க்யூட். சில ஸ்பீக்கர்களில் இந்தச் சர்க்யூட்டின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் தனித்தனியே பிளஸ், மைனஸ் முனைகள் வைத்து, ஆக நான்கு முனைகளைப் பெட்டியின் பின்னே நிறுத்தி, மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இரண்டு சிறிய பித்தளைத் தகடுகளால் இணைத்து அனுப்புகிறார்கள். தகட்டைக் கழற்றி, ஒரே பெருக்கியிலிருந்து இரண்டு ஜோடி வயர் இழுத்தால் அது பை-வயரிங். ஜோடிக்கு ஒரு பெருக்கியாக இரண்டைக் கொடுத்து, உள்ளேயிருக்கும் கிராஸ்ஓவரை அப்படியே விட்டுவிட்டால், அது பை-ஆம்ப்பிங்கில் எளிய வகை. கிராஸ்ஓவரையே பெட்டியிலிருந்து வெளியேற்றி, பெருக்கிகளுக்கு முன்னாலேயே மெல்லிய சிக்னலைப் பிரித்து, வூஃபருக்கு ஒரு பெருக்கி, ட்வீட்டருக்கு ஒரு பெருக்கி என நேரே பூட்டினால், அதுவே முழு வகை. பெயர் ஒன்றாயிருப்பதால் கடைக்காரரும் வாங்குகிறவரும் பின்னிரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பமெல்லாம் இங்கேதான் உற்பத்தியாகிறது.

ஸ்பீக்கர் என்னும் இந்தச் சாதனத்தின் பூர்வோத்தரம் சற்றுச் சுவையானது. ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் அமெரிக்காவில் 1925-இல் இன்றைய கூம்பு ஸ்பீக்கரின் அமைப்பை வெளியிட்டனர். பேசும் படம் பிறந்த சில ஆண்டுகளில், 1930-களின் நடுவே, எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் டக்ளஸ் ஷியரர் என்பவரின் தலைமையில் கொட்டகைகளுக்காக இருவழி ஸ்பீக்கர் ஒன்று அமைந்தது. அதில் பங்கு கொண்டவர்களுள் ஜேம்ஸ் லான்ஸிங் ஒருவர். 1946-இல் அவர் தொடங்கிய ஸ்தாபனமே ஜே.பி.எல். அது பிற்காலத்தில் ஹார்மன் கைக்குப் போய், ஹார்மனோ 2017-இல் சாம்சங் கைக்குப் போயிற்று. அந்தச் சாம்சங்கின் டெலிவிஷன் ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறது என்பதை நினைத்தால், ஹாலிவுட் கொட்டகையில் தொடங்கிய ஒரு வம்சாவளி எங்கே வந்து நிற்கிறது என்ற வியப்பு எழாமற் போகாது. பெருக்கிக்கு முன்னாலேயே ஒலியைப் பிரிக்கும் முழு வகைக்கு உறுதியான கணித அஸ்திவாரங்களுள் ஒன்றை இட்டவர்கள், ஹ்யூலெட்-பாக்கார்டில் பணிபுரிந்த லிங்க்விட்ஸ், ரைலி என்னும் பொறியாளர் இருவர். 1976-இல் அவர்கள் காட்டிய பிரிப்பு முறைதான் கச்சேரி மேடைகளில் இன்றும் பெருவழக்காயிருக்கிறது.

இனி லாபத்தின் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றில் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்காக உச்சத்தில் 20 வோல்ட்டும், அதே கணத்தில் ஜாலராவின் ஒலிக்காக உச்சத்தில் 20 வோல்ட்டும் தேவைப்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் 25 வாட் பெருக்கி போதும். ஆனால் ஒரே பெருக்கி இரண்டையும் சுமக்கும்போது, இரண்டு உச்சங்களும் கூடும் கணத்தில் அது 40 வோல்ட் வரை எழ வேண்டும். 40 வோல்ட் எழக்கூடிய பெருக்கி என்றால் அது 100 வாட் பெருக்கி. ஆகவே பிரித்துக் கொடுத்தால் 25-உம் 25-உமாக 50 வாட் செய்யும் வேலையை, பிரிக்காமற் கொடுத்தால் 100 வாட் செய்ய வேண்டியிருக்கிறது. பை-ஆம்ப்பிங்கைப் புகழ்வோர் சொல்லும் வாதங்களில் அசைக்க முடியாதது இது. ஆனால் இந்தக் கணக்கு முழு வகைக்கே பொருந்தும். எளிய வகையில் இரண்டு பெருக்கிகளுக்கும் முழு சிக்னலே போகிறது. வூஃபரை ஓட்டும் பெருக்கி ஜாலராவுக்கும் சேர்த்தே 40 வோல்ட் எழுந்தாக வேண்டும். எழ முடியாவிட்டால் அங்கேயே ஒலி சிதையும். கரெண்ட்டின் சுமை மட்டுமே பிரிகிறது, வோல்டேஜின் சுமை பிரிவதில்லை. எனவே 25 வாட் பெருக்கிகள் இரண்டை எளிய வகையில் பூட்டிவிட்டு, 100 வாட்டின் தாராளத்தை எதிர்பார்ப்பது வீண்.

அப்படியானால் எளிய வகையில் ஒன்றுமே இல்லையா? ஏதோ கொஞ்சம் உண்டு. தாழ்ந்த ஒலியின் பெருஞ்சுமையால் ஒரு பெருக்கியின் பவர் சப்ளை தளர்ந்தாலும் ட்வீட்டரின் பெருக்கியை அது பாதிப்பதில்லை; வால்வு பெருக்கியின் இனிமையை மேலுக்கும் டிரான்சிஸ்டரின் பிடிப்பைக் கீழுக்கும் வைத்துக்கொள்ள விரும்பும் ரசிகருக்கு அது ஒரு வசதி. ஆனால் சக்தி இரண்டு மடங்கானால் ஒலியில் ஏறுவது 3 டெசிபல்தான் என்பதையும், செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்தால், எதிர்பார்ப்பு தானே அளவுக்கு வரும். ஏ.வி. ரிசீவரின் பின்பக்க சரவுண்ட் சேனல்களை முன் ஸ்பீக்கர்களுக்குத் திருப்பிவிடும் 'பை-ஆம்ப்' வசதியை இதற்கும் கீழேதான் வைக்க வேண்டும். அங்கே சேனல்கள் பலவானாலும் அவற்றுக்கெல்லாம் ஊட்டம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே. இரண்டாவது பெருக்கிக்குச் செலவாகும் பணத்தைச் சற்று நல்ல ஸ்பீக்கருக்கோ, அறையில் கனத்த திரைச்சீலைக்கோ செலவிட்டால் கூடுதல் பலன் கிடைக்கும் என்பதே என் அபிப்பிராயம்.

வேடிக்கை என்னவென்றால், ரசிகர்கள் பெருஞ்செலவில் அரைகுறையாகச் செய்யும் இந்தக் காரியத்தை, ரசிகரென்று எவரும் பெயர் சொல்லாத இரு சாரார் நாள்தோறும் முழுமையாகச் செய்து வருகிறார்கள். ஒருவர், டெலிவிஷனுக்குக் கீழே வைக்கும் சவுண்ட்பாரைச் செய்பவர். சவுண்ட்பார்கள் பலவற்றில், ஒலி டிஜிட்டலாக இருக்கும்போதே ஒரு சில்லுக்குள் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிச் சிறு பெருக்கி வழியாகச் செல்கிறது. அதன் வயர்கள் ஆலையிலேயே பூட்டப்பட்டுவிடுவதால் வாங்குகிறவர் அவற்றைப் பார்ப்பதேயில்லை. மற்றவர், ஆடித் திருவிழாவுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒலி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர். அடுக்கின் மேல்தட்டில் கிராஸ்ஓவர் ஒன்றை வைத்து, பேஸ் பெட்டிகளுக்கு ஒரு பெருக்கியும் 'டாப்' பெட்டிகளுக்கு ஒரு பெருக்கியுமாகப் பிரித்து ஓட்டுவது அவருக்கு அன்றாடத் தொழில். அவர் கையிலிருக்கும் ஸ்பீக்கான் பிளக், நியூட்ரிக் ஸ்தாபனம் 1987-இல் கொண்டுவந்தது. அதன் நான்கு முனை வகையில், ஒரே கேபிளில் பேஸுக்கு இரண்டும் மேல் ஒலிக்கு இரண்டுமாக நான்கு தொடர்புகள் செல்கின்றன. செருகித் திருகினால் பூட்டிக்கொள்ளும். தலைகீழாகச் செருகவே இடமில்லை. இருட்டிலும், மழைத் தூறலிலும், அவசரத்திலும் சவுண்ட் சர்வீஸ் பையன்கள் பிளஸ்ஸை மைனஸில் சேர்க்காமல் இருப்பதற்குக் காரணம் அவர்களுடைய ஜாக்கிரதை மட்டுமன்று, பிளக்கின் வடிவமும்தான்.

ஒரகடம் வட்டாரத்துக்குக் கார் வயரிங் செய்து கொடுக்கும் ஹார்னஸ் தொழிலும் இதே தத்துவத்தில் நிற்பது. ஹார்னஸ் போர்டு என்பது ஆளுயரப் பலகை. வயர்கள் செல்ல வேண்டிய பாதை முழு அளவில் அதன்மேல் வரையப்பட்டு, திருப்பங்களில் முளைகள் அடிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பெண்களே அந்தப் பலகைமுன் நின்று, பச்சையில் மஞ்சள் கோடு, கறுப்பில் வெள்ளைக் கோடு என நிறம் பார்த்து வயரை முளைகளின் வழியே ஓட்டி, டேப் சுற்றி, நுனியைக் கனெக்டரில் 'டிக்' என்ற சத்தம் வரும்வரை தள்ளுவார்கள். முடிந்த கட்டு சோதனை மேஜைக்குப் போகும்; எல்லா இணைப்பும் சரியாயிருந்தாலன்றி மேஜை அதை விடாது. ஒவ்வொரு கனெக்டருக்கும் ஒரு பக்கம் வரம்போ வெட்டோ இருப்பதால், ஸ்டியரிங்குக்குப் போக வேண்டியது விளக்குக்குப் போய்ச் சேராது. இதே எண்ணத்தோடு, ஜப்பானில் ஷிகெயோ ஷிங்கோ என்பவர் 1961-இல், ஒரு சுவிட்சுக்குள் வைக்க வேண்டிய இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்றைத் தொழிலாளர் மறந்துவிடுவதைக் கண்டு, முதலில் இரண்டையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கச் செய்தார். தட்டில் ஸ்பிரிங் மிஞ்சினால் பிழை அங்கேயே தெரிந்துவிடும். வீட்டு ஸ்பீக்கரின் நான்கு முனைகளோ எந்த வயரையும் எந்த வேற்றுமையும் பாராமல் ஏற்றுக்கொள்ளும். ஆலையில் கருவி செய்யும் காவலை இங்கே மனிதன் தானே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பிழைகளுள் தலையாயது பித்தளைத் தகட்டைக் கழற்ற மறப்பது. தகடு இருக்கையில் இரண்டு பெருக்கிகளைப் பூட்டினால், ஒன்றின் வெளிவாய் மற்றதன் வெளிவாயோடு நேரே மோதுகிறது. நல்ல டிரான்சிஸ்டர் பெருக்கியின் வெளிவாய்த் தடை 0.1 ஓம்கூட இராது. இரண்டுக்கும் இடையே ஒரு கணம் 2 வோல்ட் வித்தியாசம் ஏற்பட்டாலும், 0.2 ஓம் வழியே 10 ஆம்பியர் பாயும். அது ஸ்பீக்கருக்குள் போகாது, பாட்டாகவும் மாறாது. ஒரு பெருக்கியின் டிரான்சிஸ்டர்களிலிருந்து மற்றதன் டிரான்சிஸ்டர்களுக்குப் போய் அவற்றைச் சுடும். ஒரே மாதிரிப் பெருக்கிகள் என்றால் அபாயமில்லை என்பர் சிலர். ஒன்றை ஆன் செய்து மற்றதை ஆன் செய்வதற்குள் என்ன நிகழும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. இதற்கு ஆலை முறையே மருந்து: வயரைத் தொடுவதற்கு முன், நான்கு தகடுகளையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு, பெருக்கியின்மேல் கண்ணுக்குத் தெரிய வைத்துவிடுவது. கிண்ணத்தில் நான்கு இல்லாவிட்டால் சுவிட்சைத் தொடக்கூடாது. மல்டிமீட்டர் உள்ளவர், பெருக்கிகளைப் பூட்டுமுன், மேல் பிளஸ்ஸுக்கும் கீழ் பிளஸ்ஸுக்கும் இடையே தொடர்பு இல்லையென்று 'பீப்' சத்தம் வராததைக் கொண்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இரண்டாவது அபாயம் இன்னும் நுட்பமானது. கார் வேலை தெரிந்தவர்களே அதில் அகப்படுவதும் உண்டு. காரில் பாட்டுப் பெட்டியின் ஸ்பீக்கர் வயர்கள் வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று ஜோடி ஜோடியாக வரும். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸ் பாடியோடு சேராது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து போதிய சக்தி பெறுவதற்காக, இரு வயர்களும் எதிரெதிராய் ஏறி இறங்கும்படி, 'பிரிட்ஜ்' என்னும் முறையில் பெருக்கி அமைந்திருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கிளாஸ்-டி போர்டுகளில் பலவும் இதே பிரிட்ஜ் ஜாதி. பழைய வீட்டுப் பெருக்கிகளிலோ மைனஸ்கள் எல்லாம் பொதுவாக ஒரே தரையில் நிற்கும். அந்தப் பழக்கத்தில் மைனஸ்களை ஒன்றாக முறுக்கி ஒரே வயரில் கொண்டுபோவோரும் உண்டு. அதே வழக்கத்தைப் பிரிட்ஜ் பெருக்கியில் செய்தால் போர்டு அக்கணமே உயிர்விடும். ஆகவே எந்த ஜாதிப் பெருக்கியானாலும் நான்கு முனைக்கு நான்கு தனி வயர் என்பதே பத்திரமான விதி. மைக் செட் பெருக்கியை வீட்டுக்குக் கொண்டுவருபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அதன் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70, 100 வோல்ட் முனைகளும் அருகருகே இருக்கும், 100 வோல்ட் முனையில் சாதாரண ஸ்பீக்கரைப் பூட்டுவது இரண்டுக்கும் கேடு.

பிளஸ், மைனஸ் மாறினால் எதுவும் புகையாது. ஒலி மட்டும் கெடும். ஒரு ஸ்பீக்கர் முழுவதும் மாறியிருந்தால் நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் இரு சுவர்களுக்கும் சிதறி, தாழ்ந்த ஒலி மெலிந்துபோகும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. பை-ஆம்ப்பிங்கில் வூஃபர் சரியாயிருந்து ட்வீட்டர் மட்டும் மாறினாலோ, கிராஸ்ஓவர் பிரியும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். அடிப்படை ஒலியைவிட மேல் அலைகளில் வீரியம் கூடிய நாகஸ்வரம் போன்ற வாத்தியத்தில் அந்தப் பள்ளம் முதலில் தெரியும்; புல்லாங்குழலில் கேட்டுவிட்டுச் சரியென்று சொல்லிவிடுவது தவறு. வூஃபரின் திசையை அறிய 1.5 வோல்ட் பாட்டரி ஒன்று போதும்: பாட்டரியின் பிளஸ்ஸை முனையின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னே வரவேண்டும். ட்வீட்டரை இவ்வாறு சோதிக்கக் கூடாது. தயாரித்தவரே பெட்டிக்குள் ட்வீட்டரை வேண்டுமென்று தலைகீழாகப் பூட்டியிருப்பதும் உண்டு. 12 டெசிபல் சரிவுள்ள கிராஸ்ஓவரில் அதுவே முறை. அதைப் பிழையென்று 'திருத்தப்' போகிறவர் பிழையைப் புதிதாக உண்டாக்குகிறார்.

சேனல் மாற்றம் மற்றொரு விசித்திரம். இடப்பக்க வூஃபருக்கு இடது சேனலும் இடப்பக்க ட்வீட்டருக்கு வலது சேனலும் போய்ச் சேர்ந்துவிட்டால், வயலினின் வில் ஓசை ஒரு மூலையிலும் அதன் உடல் மற்றொரு மூலையிலும் கேட்கும். கேட்பவருக்குத் தலை நோகும், காரணம் புரியாது. ஒரு பெருக்கியை ஒரு ஸ்பீக்கருக்கே முழுவதும் கொடுத்துவிடும் முறையில், ஸ்பீக்கர் வயர்கள் அந்தந்தப் பெருக்கியோடே நிற்பதால் இந்தப் பிழைக்கு இடம் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே மாடலாயிருக்க வேண்டும். ஒன்றை மேலுக்கும் ஒன்றைக் கீழுக்கும் வைப்பவர் வேறு வேறு பெருக்கிகளைப் பயன்படுத்தலாம். அப்போது இரண்டின் பெருக்கும் அளவும் ஒன்றாயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 6 டெசிபல் வேற்றுமை என்பது வோல்டேஜில் ஒன்றுக்கு இரண்டு. அதை வைத்துக்கொண்டு ட்வீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே சிக்னலை ஒய்-கேபிளால் இரண்டு பெருக்கிகளுக்குப் பகிர்ந்தால், 20 கிலோ ஓம் உள்வாய்த் தடை உள்ள பெருக்கிகள் இரண்டு சேர்ந்து 10 கிலோ ஓமாகத் தெரியும். வால்வு ப்ரீ-ஆம்ப் சிலவற்றில் இதனால் தாழ்ந்த ஒலி குறையும். ரிசீவர் வைத்திருப்பவரோ மெனுவில் 'பை-ஆம்ப்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு, ட்வீட்டர் எரிந்துவிட்டதென்று ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்.

வயரின் தடிமனைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதில் பெரும்பகுதியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.007 ஓம் தடை; 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 10 மீட்டர் என்றாலும் 0.07 ஓம்தான். எலெக்ட்ரிகல் கடையில் 90 மீட்டர் சுருளாக விற்கும் வீட்டு வயரிங் வயரே இதற்குப் போதும்; சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நான்கு நிறத்தில் வாங்கினால், மேல் பிளஸ், மேல் மைனஸ், கீழ் பிளஸ், கீழ் மைனஸ் என்று ஹார்னஸ் பெண்களைப் போலவே நிறத்தைக் கொண்டு வேலை செய்யலாம். நிறத்தின் கணக்கை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பின்னே ஒட்டிவிட வேண்டும். நுனியில் ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட்தான். அதற்காக நுனிக்கு ஈயம் பூசுகிறவர்கள் உண்டு. திருகு முனையில் ஈயம் நாளடைவில் நசுங்கி இணைப்பு தளர்ந்துவிடும். லக் வைத்து கிரிம்ப் செய்வதே நல்லது.

இரண்டு பெருக்கி வந்தால் இரண்டு பிளக் வரும்; இரண்டு பிளக்கும் சுவரில் வெவ்வேறு இடத்தில் எர்த் பெற்றால், சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியே ஒரு வளையம் உண்டாகி, 'ம்ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கிளம்பும். இதற்கு மூன்று முள் பிளக்கிலிருந்து எர்த் வயரைக் கழற்றிவிடும் 'வைத்தியம்' ஒன்று நம் ஊரில் பரம்பரையாக நடக்கிறது. முனகல் நிற்கும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு நாள் கசிவு ஏற்பட்டால் பெருக்கியின் இரும்பு உடலில் 230 வோல்ட் வந்து நிற்கும், அதைத் துடைக்க வருபவர் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். எல்லாச் சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது, பாலன்ஸ்டு கேபிள் பயன்படுத்துவது, சிக்னல் வழியில் சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது ஆகிய மூன்றும் நேர்மையான வழிகள். வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்பதையே முதலில் சோதித்துக்கொள்வது அதனினும் நேர்மை.

முழு வகைக்குப் போய், ட்வீட்டருக்கு நேரே பெருக்கியைப் பூட்டுகிறவர்க்கு மட்டும் கடைசியாக ஒரு விஷயம். பெட்டிக்குள் இருந்த கெபாசிட்டர் ஒலியைப் பிரித்ததோடு ட்வீட்டரைக் காத்தும் வந்தது. அதை எடுத்துவிட்டபின், பெருக்கி ஆன் ஆகும்போது எழும் 'டம்' என்ற ஒரே அடியில் மெல்லிய சுருள் அறுந்துபோகலாம். ஆகவே 47 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெபாசிட்டர் ஒன்றை ட்வீட்டர் வழியில் இருக்கவிடுவது நல்லது. 8 ஓமுக்கு அது 420 ஹெர்ட்ஸ் அருகில்தான் தடுக்கத் தொடங்கும் என்பதால் 2,500 ஹெர்ட்ஸில் பிரியும் ஒலியைத் தீண்டாது, நேர் மின்சாரத்தை மட்டும் அண்டவிடாது. ஆன் செய்யும்போது கிராஸ்ஓவரை முதலிலும் பெருக்கிகளைக் கடைசியிலும், ஆஃப் செய்யும்போது பெருக்கிகளை முதலிலும் என்ற வரிசையை எல்லோரும் சொல்வார்கள். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அந்த வரிசையை யாரும் கேட்பதில்லை, எல்லாம் ஒரே கணத்தில் உயிர்பெற்றுவிடும். ஆதலால் கரண்ட் போனவுடன் பெருக்கிகளின் சுவிட்சை அணைத்துவிட்டு, விளக்கெரிந்து சில நிமிஷங்கள் கழித்துப் போடுவதே இந்த வட்டாரத்துக்கு ஏற்ற முறை.